சர்வர்லெஸ் செயலியில் கோளாறா? உங்கள் கணினியிலிருந்தே காரணத்தைக் கண்டறியும் செய்முறை

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் அதிகாலை 4 மணிக்கு மீன் விலைகளைத் திரட்டி, வியாபாரிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஒரு சிறிய செயலியை நீங்கள் ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் (சர்வரை நாமே பராமரிக்காமல் நிரலை இயக்கித் தரும் அமேசானின் சேவை) எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் செய்தி போகவில்லை. சர்வர் நம் வசம் இல்லாததால் உள்ளே நுழைந்து பார்க்க வழியில்லை. ஒவ்வொரு முறை நிரல் இயங்கும்போதும் என்ன நடந்தது என்று லாம்டா எழுதி வைக்கும் லாக் பதிவுகளே நமக்குள்ள முதன்மையான சான்று. ஆகவே அவற்றைப் படித்து முடிக்கும் வரை நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டாம் என்று புதியவர்களை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோடைத் திறந்து, எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் ஏடபிள்யூஎஸ் டூல்கிட் என்ற இணைப்பு மென்பொருளைத் தேடி நிறுவுங்கள். இடப்பக்கப் பட்டையில் தோன்றும் அதன் சின்னத்தை அழுத்தி உங்கள் கணக்கில் நுழையுங்கள். லாம்டாவையும், அதன் லாக்குகள் சேமிக்கப்படும் கிளவுட்வாட்ச் சேவையையும் பார்க்க மட்டும் அனுமதியுள்ள பயனராக நுழைவது நல்லது. அவசரத்தில் எதையும் அழித்துவிடும் அபாயம் அப்போது இராது.

படி 2: ரீஜியனை, அதாவது உங்கள் செயலி இயங்கும் தரவு மையப் பகுதியைச் சரிபாருங்கள். செயலி மும்பையில் இருக்க, டூல்கிட்டின் எக்ஸ்ப்ளோரர் பட்டியலில் ஐதராபாத் தேர்வாகியிருந்தால், உங்கள் ஃபங்ஷன் (லாம்டாவில் நீங்கள் ஏற்றிய நிரல்) அங்கே தென்படவே செய்யாது.

படி 3: கிளவுட்வாட்ச் லாக்ஸ் என்பதை விரித்தால், இயல்பாக ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதன் பெயரிலேயே ஒரு லாக் குரூப் (லாக்குகளின் தொகுப்பு) இருக்கும். அது இல்லாவிட்டால், ஃபங்ஷன் இதுவரை இயங்கவே இல்லை, அல்லது லாக் எழுதும் அனுமதி அதன் ரோலுக்கு (ஃபங்ஷனுக்குரிய அனுமதிகளின் தொகுப்பு) கொடுக்கப்படவில்லை என்று ஊகிக்கலாம். லாக் குரூப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரீம்கள் எனும் உட்பிரிவுகளின் பெயரில் வரும் தேதி, யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி அமைந்தது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே காலை 4 மணி ஓட்டம், முந்தைய நாள் இரவு 10.30 என்று பதிவாகியிருக்கும். இன்றைய தேதியில் தேடிவிட்டு ஒன்றும் இல்லையென்று முடிவு செய்துவிடாதீர்கள்.

படி 4: லாக் குரூப்பின் மீது வலது கிளிக் செய்து தேடல் வசதியைத் திறந்து, நேர வரம்பைக் கொடுத்து, 'ரிப்போர்ட்' என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இடுங்கள். இத்தேடல் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே கருதும்.

படி 5: இனி வருவதே முக்கியமான வேலை. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் வரும் ரிப்போர்ட் வரியில், அந்த ஓட்டத்தின் அடையாள எண், எடுத்துக்கொண்ட நேரம், ஒதுக்கிய நினைவகம், உச்சமாகப் பயன்பட்ட நினைவகம் ஆகியவை இருக்கும். ஃபங்ஷன் புதிதாக உயிர்பெற்ற ஓட்டத்தில் மட்டும் 'இனிட் டியூரேஷன்' என்ற அளவும் சேர்ந்து வரும். நேரம் 3000 மில்லி வினாடியில் முட்டி நின்றால், லாம்டாவின் இயல்பான 3 வினாடி வரம்பு ஓட்டத்தை வெட்டியிருக்கிறது என்று பொருள். இவ்வரம்பை 15 நிமிடம் வரை உயர்த்தலாம் என்றாலும், உடனே உயர்த்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. குறுஞ்செய்திச் சேவையை அழைக்கும் வரிக்கு முன்னும் பின்னும் நேரத்தை லாக்கில் எழுதச் செய்து, காத்திருப்பு எங்கே நிகழ்கிறது என்று முதலில் பாருங்கள். உச்சமாகப் பயன்பட்ட நினைவகம் ஒதுக்கிய 128 எம்பியைத் தொட்டிருந்தால், அதை உயர்த்துவதே தீர்வு. நினைவகத்துக்கு ஏற்பவே சிபியு (செயலாக்கத் திறன்) பங்கும் கிடைப்பதால், ஓட்டம் விரைவதும் உண்டு.

படி 6: ரிப்போர்ட் வரியிலுள்ள அடையாள எண்ணை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு மீண்டும் தேடுங்கள். ஒரே எண்ணில் மூன்று ஓட்டங்கள் தெரிந்தால் திகைக்க வேண்டாம்: கால அட்டவணைப்படி நிகழ்வது போன்ற ஒத்திசைவற்ற அழைப்பு (அழைத்தவர் முடிவுக்குக் காத்திராத அழைப்பு) தோற்றால், லாம்டா இயல்பாக மேலும் இரண்டு முறை முயலும். பாதிப் பேருக்குச் செய்தி அனுப்பிய பிறகு முதல் ஓட்டம் அறுந்திருந்தால், மறுமுயற்சியில் அவர்களுக்கே மீண்டும் செய்தி போகும். ஆகவே யாருக்கு, எந்த நாளின் விலை அனுப்பப்பட்டது என்பதை டைனமோடிபி போன்ற ஒரு தரவுத்தளத்தில் குறித்து, அனுப்புமுன் அதைச் சரிபார்க்கும்படி நிரலைத் திருத்துங்கள்.