பழைய மோட்டோ குஸ்ஸி: வீட்டில் பிரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மோட்டோ குஸ்ஸி என்ற இத்தாலிய பைக் ஒன்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் நிறுத்துபவர்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். முதல் வாரம் கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். அடுத்த வாரம் சீட்டைத் தைக்கக் கொடுப்பார்கள். எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்கும் எண்ணம் ஆயில் விளக்கு சிமிட்டிய பிறகுதான் வரும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவது, ஆயில் ஊற்ற மறப்பது போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை. அவற்றை எந்த வண்டியிலும் செய்யலாம். இந்த எஞ்சினுக்கென்றே சில பொறிகள் உண்டு.

பேச்சு பெரிய வி-ட்வின்களை, அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்களைப் பற்றியது. கோமோ ஏரிக்கரையில் உள்ள மாண்டெல்லோ டெல் லாரியோவில் தயாராகி 1967 முதல் விற்பனைக்கு வந்த வி7, அதன் வழிவந்த வி7 ஸ்பெஷல், 850 ஜிடி ஆகியவை லூப் ஃபிரேம் வண்டிகள். இந்தப் பிந்தைய இரண்டும் அமெரிக்காவில் அம்பாசடர், எல்டோராடோ என்ற பெயரில் விற்றன. 1971-இல் பொறியாளர் லீனோ டோன்ட்டி வடிவமைத்த தாழ்ந்த ஃபிரேமில் வி7 ஸ்போர்ட் வந்தது. பின்னாலேயே 850 டி, டி3, லெ மான்.

கம்ப்ரஷன் கேஜை நம்பி குரோம் போரை விட்டுவைப்பது

மற்றவை எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். இது கிராங்க்கை, அதாவது எஞ்சினின் சுழல் தண்டையே தின்னும். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற பதிலே திரும்ப வருவது எரிச்சலூட்டுகிறது.

லூப் ஃபிரேம் வண்டிகளும் டோன்ட்டி ஃபிரேமின் ஆரம்ப வண்டிகளும் அலுமினிய சிலிண்டரின் உட்சுவரில், அதாவது போரில், நேரடியாகக் குரோம் பூசப்பட்டு வந்தவை. உள்ளே இரும்பு லைனர் கிடையாது. புதிதாக இருந்தபோது எடை குறைவு, சூடு சீக்கிரம் இறங்கும், தேய்மானமும் குறைவு. சிக்கல் வண்டி ஓடும்போது தொடங்குவதில்லை, நிற்கும்போது தொடங்குகிறது. குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. பல வருடம் கொட்டகையில் கிடந்த வண்டியில் ஈரம் அந்த வெடிப்புகள் வழியாக இறங்கி அலுமினியத்தை அரிக்கிறது. அரிப்பு உப்பி, பூச்சைக் கீழிருந்து தூக்குகிறது. பிறகு எஞ்சினை ஓட்டினால், தூக்கிய இடம் நகப்பூச்சு உரிவதுபோல் செதில் செதிலாகப் பிரியும்.

வழக்கமான கதை இப்படிப் போகும். பல வருடம் கிடந்த எல்டோராடோ ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கியவர் டாங்க்கைக் கழுவுகிறார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்கிறார், புது பேட்டரி போடுகிறார். வண்டி சட்டென்று கிளம்புகிறது. கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தால் இரண்டு சிலிண்டரும் சமமாக, நன்றாகவே காட்டுகின்றன. ஆகவே ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டுகிறார். இலையுதிர் காலத்தில் சூடான ஐடிலில் ஆயில் விளக்கு சிமிட்டத் தொடங்குகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றினால், சேதம் எப்போதோ நடந்து முடிந்திருக்கும்.

கேஜ் ஏமாற்றியதற்குக் காரணம் உண்டு. உரிதல் பெரும்பாலும் போரின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ, ரிங் உரசாத இடத்தில் தொடங்கும். ரிங் ஓடும் பகுதி நன்றாக இருக்கும்வரை கம்ப்ரஷன் குறையாது. டிரெயின் போல்ட்டில் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்தி அடைபவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். குரோம் செதில் காந்தத்தில் ஒட்டாது.

உரிந்த செதில் மிகக் கடினமானது. டி3-க்கு முந்தைய வண்டிகளில் மாற்றக்கூடிய ஆயில் ஃபில்டரே இல்லை, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் ஒரு கம்பி வலை மட்டும்தான். நுண்செதில்கள் வலையைக் கடந்து ஆயில் பம்பின் பற்களைக் கீறுகின்றன. அங்கிருந்து பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் ஷெல்லில், அதன் மென்மையான உலோகத்தில் பதிந்து, உப்புத்தாள்போல் கிராங்க்கைத் தேய்க்கின்றன. மெயின் பேரிங் இன்னும் மோசம்: இந்த எஞ்சினில் அது முன்னும் பின்னும் ஃபிளாஞ்சோடு சேர்ந்தே வரும் பாகம், ராட் ஷெல்லின் மலிவு விலைக்கு இது கிடைக்காது. சிலிண்டர் கிட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கிராங்க் அரைப்பு, இரண்டு ஃபிளாஞ்ச், பம்ப் என்று நீளும்.

எனவே வாங்கியதும், ஸ்டார்ட் செய்யும் முன்பே, ஆயிலை மெல்லிய வெள்ளைத் துணி வழியாக வடித்துப் பாருங்கள். பளபளக்கும் தட்டையான துகள் ஒன்று தெரிந்தாலும் போதும், பிரித்தே ஆக வேண்டும். அடுத்து சம்ப்பை இறக்கி வலையைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாகச் சிறு கேமராவை விட்டால் போரின் மேல்பகுதி தெரியும். நல்ல குரோம் கண்ணாடிபோல் மின்னும். உரிந்த இடம் மங்கிய சாம்பல் திட்டாகத் தெரியும். ஆனால் கீழ் விளிம்பைப் பார்க்க சிலிண்டரை உருவத்தான் வேண்டும். இந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினை ஃபிரேமிலேயே வைத்து ஒரு சனிக்கிழமையில் செய்யக்கூடிய வேலை. இதற்குச் சோம்பல்படுவதற்கு நியாயமே இல்லை.

போரில் குறுக்குக் கீறல் கோடுகளோடு மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால், முந்தைய உரிமையாளர் யாரோ நிக்கசில் (நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு) சிலிண்டருக்கு மாற்றிவிட்டார் என்று பொருள். காந்தம் உட்சுவரில் கெட்டியாகப் பிடித்தால் இரும்பு லைனர். இரண்டானாலும் நல்ல செய்தி.

குரோம் போராகவே இருந்து, உரிந்தும் இருந்தால், ஹோனிங் செய்து, அதாவது உட்சுவரைக் கல்லால் தேய்த்து, புது ரிங் போட நினைக்காதீர்கள். ஹோனிங் கல் மிச்சமுள்ள பூச்சையும் பெயர்க்கும். குரோம் பூசிய ரிங்கைக் குரோம் போரில் போடுவதும் கூடாது, இரண்டும் ஒன்றையொன்று கீறும். சிலிண்டரை மாற்றுங்கள். அதே மாண்டெல்லோவில் உள்ள சிலிண்டர் தயாரிப்பாளர் கிலார்டோனியின் நிக்கசில் கிட் பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்ந்தே வருகிறது. பழைய சிலிண்டரையே நிக்கசில் பூசக் கொடுக்கலாம். இரும்பு லைனர் இறக்குவதும் வேலை செய்யும், ஆனால் சூடு வெளியேறுவது குறையும்.

கிட்டை மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் வேலையின் பாதியைத்தான் செய்திருக்கிறார்கள். சிலிண்டரும் சம்ப்பும் வெளியே இருக்கும்போதே ராட் மூடிகளைக் கீழிருந்து கழற்றி ஷெல்களைப் பார்த்துவிடலாம். ஷெல்லில் மின்னும் புள்ளிகள் பதிந்திருந்தாலோ, கிராங்க்பின்னில் நகம் மாட்டும் கோடு இருந்தாலோ, எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். ராட் போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது, புதிது மட்டும்தான்.

இன்னொரு ஒளிவிடம் கிராங்க்குக்குள் இருக்கிறது. கிராங்க்பின்னின் உள்ளே கசடு தங்குவதற்கென்றே ஒரு குழியும், அதை மூடும் திருகு மூடியும் உண்டு. வருடக்கணக்கான கசடும் செதிலும் அங்கேதான் இறுகிக் கிடக்கும். மூடி குத்திப் பூட்டப்பட்டிருப்பதால் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அசையாது. பூட்டிய இடத்தைத் துளையிட்டு நீக்கி, இம்பாக்ட் டிரைவரால் திருக வேண்டும். சுத்தம் செய்து, துளைகளில் காற்றடித்து, திருகுப்பசை தடவி மூடி, மீண்டும் குத்திப் பூட்ட வேண்டும். இதைத் திறக்காமல் கிராங்க்கை அரைத்து மாட்டியவர்கள், புது ஷெல்லுக்குப் பழைய செதிலை ஊட்டுகிறார்கள்.

முதல் ஆயிலைச் சில நூறு கிலோமீட்டரிலேயே வடித்து, மறுபடி துணியில் பாருங்கள்.

சார்ஜ் விளக்கில் எல்.இ.டி. பல்பு

டோன்ட்டி வண்டிகளில் கிராங்க்கின் முன்முனையில் பாஷ் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. அதன் ரோட்டருக்குத் தொடக்க மின்சாரம் டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கு வழியாகத்தான் போகிறது. பல்பு பீஸ் ஆனாலோ, அழகுக்காக எல்.இ.டி. மாட்டினாலோ ரோட்டருக்குப் போதிய மின்சாரம் கிடைக்காது. வண்டி சார்ஜ் ஆகாது, அல்லது எஞ்சினை நன்றாக முறுக்கிய பிறகே சார்ஜ் ஆகத் தொடங்கும். இதைப் பார்க்காமல் ரெகுலேட்டர், டயோடு போர்டு, ரோட்டர் என்று வரிசையாக வாங்கிக் குவிப்பவர்கள் ஏராளம்.

முதலில் சாவியைத் திருப்பி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பல்பு, அதன் கம்பி, பிரஷ், ரோட்டர் என்ற வரிசையில் போங்கள். ரோட்டரின் இரண்டு வளையங்களுக்கு இடையே சுமார் 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். வளையத்துக்கும் உடம்புக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. குளிரில் சரியாக இருந்து சூட்டில் அறுந்துபோகும் ரோட்டர்களும் உண்டு. அதனால் ஓட்டி வந்த கையோடும் அளந்து பாருங்கள்.

ரோட்டரைக் கழற்றும்போது வெளியிலிருந்து புல்லர் மாட்டி இழுத்தால் வளையம் போய்விடும். ஸ்டேட்டரை முதலில் எடுத்துவிட்டு, நடு போல்ட்டைக் கழற்றி, உள்ளே கடினமான எஃகுக் கம்பி ஒன்றை வைத்து, பொருத்தமான போல்ட்டால் தள்ள வேண்டும்.

எல்லாப் பழியும் கார்புரேட்டர் மேல்

ஒரு சிலிண்டர் மிஸ் ஆனதும் மெயின் ஜெட்டை மாற்றத் தொடங்குகிறார்கள். டெல்லோர்ட்டோவை (இந்த வண்டிகளின் கார்புரேட்டர்) தொடும் முன் மூன்று விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும்.

டேப்பெட் (வால்வு இடைவெளி): டி3-யிலும் முதல் லெ மானிலும் குளிர்ந்த எஞ்சினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.22 மி.மீ. ஃபிளைவீலில் உள்ள D எழுத்து வலது சிலிண்டருக்கு, S இடதுக்கு. குறி ஓட்டைக்கு நேரே வந்தால் மட்டும் போதாது, அந்த சிலிண்டரின் இரண்டு ராக்கரும் தளர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் நிற்கிறீர்கள்.

பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனைகள்): டோன்ட்டி வண்டிகளில் இரண்டு செட். இடைவெளி 0.37 முதல் 0.43 மி.மீ. வலது சிலிண்டரின் டைமிங்கை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பைத் திருப்பி வைக்க வேண்டும். இடதுக்கு மறுபடி உடம்பைத் திருப்பினால் வலது கெடும். இடது பாயின்ட்டின் தட்டைத் தனியாக நகர்த்துங்கள். பலர் மாறி மாறி உடம்பையே திருப்பிக்கொண்டு மாலை முழுவதையும் கழிக்கிறார்கள்.

காயில்: இரண்டையும் இடம் மாற்றி இணைத்து ஓட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே பக்கம் மாறினால் காயில்தான், கார்புரேட்டர் இல்லை. கண்டன்சரிலும் இதே சோதனை நடக்கும்.

இதற்குப் பிறகும் ஒரு பக்கம் கரும்புகை வந்தால், சோக் கேபிளில் 2, 3 மி.மீ. தளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் சோக் பிளஞ்சர் முழுதாக உட்காராது, அந்த சிலிண்டர் மட்டும் எப்போதும் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருந்தால் இதற்கு நேரெதிராக ஐடில் ஏறி இறங்கும்.

பின்பக்கம் ஆயில் தெரிந்ததும் கியர்பாக்ஸை இறக்குவது

ரியர் மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று முடிவுகட்டி, வண்டியை இரண்டாகப் பிரித்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்ப மாட்டியவர்கள் நிறையப் பேர். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே எஞ்சின் மூச்சுவிடும் ரப்பர் குழாயும். இரண்டில் எது கசிந்தாலும் ஓடும் வேகத்தில் ஆயில் பின்னோக்கிப் பரவி கிளட்ச் ஹவுசிங்கை நனைக்கும். எஞ்சினை நன்றாகக் கழுவி, டால்கம் பவுடர் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடி ஓட்டையிலிருந்தே சொட்டினால்தான் உள்ளே கோளாறு. அப்போதும் விரலில் தொட்டு முகருங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், கியர்பாக்ஸின் முன் சீல். வாடை இல்லாவிட்டால் எஞ்சின் பக்கம். வாங்க வேண்டிய சீல் எது என்பது இதில் தெரிந்துவிடும்.

ஹவுசிங்கைப் பிரித்துவிட்டால் கிளட்ச் பிரஷர் பிளேட்டின் குறியை ஃபிளைவீல் குறிக்கு நேராகவே திரும்ப மாட்டுங்கள்.

சம்ப்புக்குள் ஃபில்டர்

டி3 முதல் ஃபில்டர் சம்ப்புக்கு உள்ளே இருக்கிறது. மாற்ற ஒவ்வொரு முறையும் சம்ப்பை இறக்க வேண்டும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சம்ப் போல்ட்டுகள் எம்6, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கினால் அலுமினியத் திருகு பிய்ந்துவிடும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி இறுக்குங்கள். தானாகத் தளராமல் அதைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப் போட்டுவைக்கும் பழக்கம் குஸ்ஸிக்காரர்களிடம் உண்டு, நல்ல பழக்கம்.

பின் பிரேக்கை மட்டும் பிளீட் செய்வது

டி3-யில் மிதி அழுத்தினால் பின் டிஸ்க்கும் முன் இடது டிஸ்க்கும் சேர்ந்தே பிடிக்கும். கைப்பிடிக்கு முன் வலது மட்டும். எனவே மிதி பஞ்சுபோல் இருந்தால் முன் இடது கேலிப்பரையும் பிளீட் செய்யுங்கள், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

டிரைவ் ஆயில்

டோன்ட்டி வண்டிக்குக் கியர்பாக்ஸில் 750 மில்லி. பின் டிரைவில் 250 மில்லி, அதில் 20 மில்லி மாலிப்டினம் கலவை. "கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்" என்று ஊற்றினால் கூடுதல் அவ்வளவும் சீல் வழியாகப் பின் டயரில் வந்து சேரும்.