தேர்தலுக்கு முன்பே விதி மாறும்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு

பொதுத்தேர்தல் நெருங்கிவிட்டால் இந்த நாட்டில் குடியேற்றம், வரி, மருத்துவமனை என்று மூன்றைச் சுற்றியே பேச்சு ஓடும். வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள், "நமக்கென்ன, ஓட்டா இருக்கிறது?" என்று சானலை மாற்றிவிடுகிறார்கள். ஓட்டு இருக்கிறது. இல்லாதவர்களுக்கும் அந்தப் பேச்சு முக்கியம், ஏனென்றால் அதில் அடிபடுவது அவர்களுடைய விசா.

முதலில் ஓட்டைச் சொல்லி முடித்துவிடுவோம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். 18 வயது நிறைந்து, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். மாணவர் விசாவும் போதும், நிரந்தர வதிவிடம் தேவையில்லை. பாரிசிலிருந்தும் டோர்ட்முண்டிலிருந்தும் பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு மாறி வந்த நம்மவர்களுக்குத்தான் பொதுத்தேர்தல் ஓட்டு கிடையாது. சுவிஸ், நோர்வே பாஸ்போர்ட்டுக்கும் அதே கதி. இருபது வருடம் ஐரோப்பாவில் இருந்தவருக்கு இல்லாத ஓட்டு, போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய மாணவனுக்கு உண்டு. சட்டம் அப்படி.

வாக்காளர் பதிவு, அரசின் கவ் டாட் யூகே (gov.uk) தளத்தில் ஐந்து நிமிட வேலை. நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை செய்பவர்களுக்கு அரசு கொடுக்கும் காப்பீட்டு எண்) கேட்பார்கள். இன்னும் வரவில்லை என்றால் காரணத்தை எழுதி அனுப்புங்கள், கவுன்சில் வேறு ஆவணம் கேட்கும். கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்பு. 2024 ஜூலை 4 தேர்தலுக்கு அது ஜூன் 18. தபால் ஓட்டுக்கு மறுநாள் மாலை 5 மணி. உங்களுக்காக வேறொருவர் போடும் பதிலாள் ஓட்டுக்கு ஜூன் 26 மாலை 5 மணி. தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 2024இல் மே 22 அன்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து பதிவு முடியும்வரை நான்கு வாரம்கூட இல்லை.

சாவடிக்குப் படமுள்ள அடையாள ஆவணம் வேண்டும். உங்கள் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டையே ஏற்பார்கள், காலாவதியாகியிருந்தாலும் முகம் பொருந்தினால் போதும். ஆதார், இலங்கைத் தேசிய அடையாள அட்டை, ஊர் டிரைவிங் லைசென்ஸ், பல்கலைக்கழக அட்டை எதுவும் செல்லாது. போனில் இ-விசாவைக் காட்டினாலும் செல்லாது. நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், வங்கியில் அதுவே வெறும் இனிஷியலாக இருக்கும், பதிவில் இரண்டும் இடம் மாறிப்போகும். பாஸ்போர்ட்டில் எப்படியோ எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். உள்ளே பென்சிலும் காகிதமும்தான். ஒரே ஒரு பெருக்கல் குறி. இலங்கையில் விருப்பு வாக்குப் போட்டுப் பழகியவர்கள் பல பெயர்களுக்குக் குறி போட்டால் ஓட்டு செல்லாது.

தேதிதான் பொறி

தமிழ்நாட்டில் தேர்தல் அறிக்கை எப்படி வேலை செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். மிக்சி, கிரைண்டர், மாதம் இவ்வளவு என்று அறிவிப்பார்கள், ஜெயித்து வந்தபின் அரசாணை வரும். அதற்குமுன் எதுவும் மாறாது. அந்தப் பழக்கத்தோடு இங்கே விவாதத்தைப் பார்க்கிறவர்கள்தான் விழுகிறார்கள். இங்கே குடியேற்றத்தைப் பற்றிய பேச்சு சூடாகும்போது, ஆளும் கட்சி "நாங்கள் கடுமையானவர்கள்" என்று காட்டத் தேர்தலுக்கு முன்பே விதியை மாற்றிவிடும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. குடியேற்ற விதிகளில் மாற்ற அறிக்கை ஒன்றை உள்துறை நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும். 40 நாளுக்குள் அதை மறுத்துத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஏட்டில் இருக்கிறது, அது நடப்பது அபூர்வம். அறிக்கை வைத்துக் குறைந்தது 21 நாள் கழித்து விதி அமலுக்கு வரும். அந்த 21 நாளும் மரபு மட்டுமே.

2023–24இல் நடந்ததைத் தேதியோடு பாருங்கள். 2023 டிசம்பர் 4 அன்று உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி, கணவன் மனைவி விசாவுக்கு, அழைப்பவர் காட்ட வேண்டிய ஆண்டு வருமான வரம்பு 18,600 பவுண்டிலிருந்து 38,700 ஆகும் என்றார். பெரிய கூச்சல் எழுந்தது. டிசம்பர் 21 அன்று அரசு பின்வாங்கி, முதலில் 29,000, பிறகு படிப்படியாக என்றது. மூன்று மாதம் டிவியில் இதே வாக்குவாதம். மார்ச் 14 அன்று மாற்ற அறிக்கை வந்தது. ஏப்ரல் 11 முதல் 29,000. தேர்தல் நடந்தது ஜூலையில்!

இந்த நான்கு மாதத்தில் இரண்டு வகையினர் அடிபட்டார்கள். டிசம்பர் அறிவிப்பைக் கேட்டதும் "முடிந்தது கதை" என்று கைவிட்டவர்கள் ஒரு வகை. ஏப்ரல் 10 வரை 18,600 போதும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. "எதிர்க்கட்சியான லேபர் வந்து மாற்றிவிடும், பொறுத்திருப்போம்" என்று இருந்தவர்கள் மற்ற வகை. லேபர் வந்தது, 29,000ஐ அப்படியே வைத்தது. 24,000 சம்பளத்தில் இருந்த ஒருவர் மார்ச் மாதம் விண்ணப்பித்திருந்தால், அதே துணைக்கான அடுத்தடுத்த நீட்டிப்புகளிலும் பழைய வரம்பே அவருக்குத் தொடர்ந்திருக்கும். மே மாதம் விண்ணப்பிக்கப் போனவருக்கு இன்னும் 5,000 பவுண்டு சம்பளம் வேண்டும், அதுவும் பொதுவாக ஒரே வேலையில் ஆறு மாதச் சம்பளச் சீட்டோடு.

அந்த ஆறு மாதத்தில்தான் எல்லாம் மாட்டிக்கொள்கிறது. விதி மாற 21 நாள், சம்பளச் சீட்டு சேர ஆறு மாதம். அறிவிப்பு வந்தபின் ஓவர்டைம் செய்து எட்டிப்பிடிக்க முடியாது. எனவே தேர்தல் பேச்சு தொடங்கும் முன்பே கோப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: ஆறு மாதச் சீட்டுகள், அதே சம்பளம் விழுந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு, முதலாளி கடிதம், ஊரில் இருக்கும் துணைக்கு ஆங்கிலத் தேர்வுச் சான்று, திருமணப் பதிவின் மொழிபெயர்ப்பு. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் உண்டு. அது ஆறு மாதமே செல்லும் என்பதால் அதை மட்டும் கடைசியில் எடுங்கள். கணக்கில் வரும் தேதி, ஆன்லைனில் கட்டணம் கட்டிச் சமர்ப்பித்த தேதி. கைரேகை கொடுக்கும் நாள் அடுத்த வாரமாக இருந்தாலும் கவலையில்லை.

இதே தாளம் மற்ற விசாக்களிலும். பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்ற விதி 2024 பிப்ரவரி 19 அறிக்கையில் வந்தது, மார்ச் 11 அன்று அமலானது. இரண்டுக்கும் நடுவே சரியாக 21 நாள். விசாவோடு சேர்த்துக் கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 624 பவுண்டிலிருந்து 1,035 ஆகும் என்று 2023 ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள், 2024 பிப்ரவரி 6இல் அமல். ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் கணவன் மனைவி விசாவுக்கு மூன்று வருடத் தொகை கட்ட வேண்டும் என்பதால் ஒரு நாள் தவறினால் 1,872க்குப் பதில் 3,105. ஆட்சி மாறியும் பழக்கம் மாறவில்லை. 2025 மே 12 அன்று அரசு தன் திட்டங்களை வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் சொன்னவற்றில் ஒரு பகுதி ஜூலை 22 அன்றே விதியாகி, திறன் பணியாளர் விசாவுக்கான சம்பள வரம்பு 41,700 பவுண்டு ஆனது, வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணிக்கு ஆள் எடுப்பது நின்றது.

ஆகவே எந்தக் கட்சிக்காரர் என்ன பேசினாலும் மூன்றில் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சி வாக்குறுதி என்றால் இப்போதைக்கு ஒன்றுமில்லை. அமைச்சர் அறிவிப்பு என்றால் கோப்பை எடுங்கள். மாற்ற அறிக்கை வெளியாகிவிட்டால் அதில் அமல் தேதி எந்த நாள், ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களுக்கு என்ன விதி என்ற இரண்டு பத்தியை மட்டும் தேடிப் படியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் குரல்பதிவை நம்பி "அவசரக் கட்டணம்" என்று யாரிடமும் காசைக் கொடுக்காதீர்கள். சொலிசிட்டர் போன்ற தகுதிபெற்ற வழக்கறிஞராகவோ, குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவானவராகவோ இல்லாதவர் காசு வாங்கி ஆலோசனை சொல்வதே குற்றம். கோயில் வாசலில் கார்டு நீட்டுகிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

எண்களைக் கேட்கும் விதம்

2024 ஜூன் 4 ஐடிவி விவாதத்தில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், லேபர் வந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 2,000 பவுண்டு வரி கூடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது நான்கு வருடக் கூட்டுத்தொகை. ஆண்டுக்கு 500தான். கணக்கின் அடிப்படை ஊகங்களும் அரசியல் ஆலோசகர்கள் கொடுத்தவை, அதை அதிகாரிகளின் கணக்காகக் காட்டக்கூடாது என்று நிதித்துறைச் செயலர் கடிதமே எழுதியிருந்தார். மேடையில் எண் வந்தால் எத்தனை வருடத்துக்கு, யாருடைய கணக்கு என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

லேபர் சொன்னதிலும் ஓட்டை இருந்தது. வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ், வாட் விகிதங்களை உயர்த்தமாட்டோம் என்றார்கள். வரியில்லா வரம்பான 12,570 பவுண்டு 2021இலிருந்து உறைந்து கிடப்பதைப் பற்றி இரு பெரிய கட்சிகளும் வாயைத் திறக்க விரும்பவில்லை. 30,000 வாங்குபவருக்கு 5 சதவீத உயர்வு கிடைத்து, வரம்பும் அதே 5 சதவீதம் உயர்ந்திருந்தால் வரியிலும் நேஷனல் இன்சூரன்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 176 பவுண்டு மிஞ்சியிருக்கும். விகிதம் மாறவில்லை, பணம் மட்டும் போனது. அதன்பின் 2024 அக்டோபர் பட்ஜெட்டில் அறிவித்தபடி 2025 ஏப்ரலில் முதலாளி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8இலிருந்து 15 சதவீதமானது, அது தொடங்கும் வரம்பு 9,100இலிருந்து 5,000க்கு இறங்கியது. கடையோ பெட்ரோல் நிலையமோ நடத்துபவருக்கு, 20,000 பவுண்டு சம்பள ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 746 பவுண்டு கூடுதல். முதலாளி இந்தத் தொகையில் கழித்துக்கொள்ளும் வேலைவாய்ப்புச் சலுகையை 10,500 ஆக்கியதால் சிறு கடைகள் ஓரளவு தப்பின. உங்களை வேலைக்கு எடுத்த பெரிய கடை தப்பவில்லை, மணிநேரத்தைக் குறைத்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, மருத்துவமனைக் காத்திருப்பு, பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை பற்றி லண்டன் மேடையில் பேசுவது இங்கிலாந்துக்கு மட்டும். கிளாஸ்கோவிலும் கார்டிஃபிலும் இருப்பவர்களுக்கு அவை தனி அரசுகளின் வேலை, அவற்றுக்குத் தனித் தேர்தல் உண்டு. விசா மட்டும் நான்கு நாட்டுக்கும் ஒன்றே.

வேட்பாளர் கோயிலுக்கு வந்தால்

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் கோயிலுக்கு வருவார்கள். பொன்னாடை போர்த்துவோம், அவர் "வணக்கம்" என்பார், மண்டபம் அதிரும். ஈழத்தமிழருக்கு நீதி வேண்டும் என்பார், அதுவும் சரி. பிறகு சாப்பாடு. யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. பதிவுபெற்ற அறக்கட்டளையான கோயில் எந்தக் கட்சியையும் ஆதரிக்கக்கூடாது, ஆனால் எல்லா வேட்பாளர்களையும் அழைத்துக் கேள்வி நேரம் வைக்கலாம். வைக்கச் சொல்லுங்கள். "குடியேற்றம் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் அரை மணிநேரம் பேசிவிட்டுப் போவார். "29,000 வரம்பை என்ன செய்வீர்கள், எத்தனை மாதத்தில், ஏற்கெனவே இங்கிருப்பவர்களுக்கு என்ன?" என்று எழுதிவைத்துக் கேளுங்கள்.

பிரதமருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை, 650 தொகுதியில் உங்கள் தொகுதிக்கு ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். யார் ஜெயித்தாலும், நீங்கள் ஓட்டுப் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், விசா முடங்கினால் அவருடைய அலுவலகத்துக்கு எழுதலாம். உள்துறையிடம் எம்பிக்களுக்கென்று தனி வழி இருக்கிறது. எழுதும்போது விண்ணப்ப எண், சமர்ப்பித்த தேதி, உங்கள் அஞ்சல் குறியீடு மூன்றும் வேண்டும். அஞ்சல் குறியீடு இல்லாத மின்னஞ்சலை நீங்கள் அந்தத் தொகுதிக்காரர்தானா என்று தெரியாமல் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். வீடு மாறினால் எம்பியும் மாறுவார், வாக்காளர் பதிவையும் புது முகவரிக்குத் திரும்பச் செய்ய வேண்டும்.