பத்து நிமிட ஸ்கிரிப்ட்: அமெரிக்க ஹைஸ்கூல் ஸ்பீச் போட்டிக்குப் பீஸ் (நடித்துக் காட்டும் பகுதி) தேடுவதும் வெட்டுவதும்

ஆகஸ்டில் பள்ளி திறந்த கையோடு எங்கள் ஊர்த் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பொண்ணு ஸ்பீச் டீம்ல சேர்ந்திருக்கா, டிஐ பண்ணணுமாம், ஸ்கிரிப்ட் எங்க வாங்கறது?" ஆறு வருடமாக இங்கே சனிக்கிழமைகளில் பெற்றோர் ஜட்ஜாக வகுப்பறைகளில் உட்கார்ந்து, அப்புறம் மகளின் டீமுக்கே உதவிப் பயிற்சியாளராகவும் ஆனவள் என்ற முறையில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். வெட்டித் தயாராக விற்கும் ஸ்கிரிப்டை வாங்க வேண்டாம், பிள்ளையே ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து அதிலிருந்து பத்து நிமிடத்தை எடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

புதிதாக வருபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பின்னணி. இந்தப் போட்டிகளுக்கான பெரிய அமைப்பு நேஷனல் ஸ்பீச் அண்ட் டிபேட் அசோசியேஷன். 1925-இல் விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் கல்லூரியில் நேஷனல் ஃபொரன்சிக் லீக் என்ற பெயரில் தொடங்கியது, 2014-இல்தான் பெயர் மாறியது. அதனால் பழைய பயிற்சியாளர்கள் இன்னும் 'ஃபொரன்சிக்ஸ்' என்றே சொல்வார்கள், தடயவியல் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். டிபேட் ஒரு பக்கம், ஸ்பீச் ஒரு பக்கம். ஸ்பீச்சுக்குள் இன்டர்ப் என்று ஒரு கூட்டம் உண்டு, அடுத்தவர் எழுதியதை எடுத்து நடித்துக் காட்டுவது. டிஐ என்றால் டிரமாட்டிக், அதாவது உருக்கமான நடிப்பு, எச்ஐ என்றால் நகைச்சுவை, டியோ என்றால் இரண்டு பேர். பிஓஐ என்பது உரைநடை, கவிதை, நாடகம் மூன்றில் குறைந்தது இரண்டைக் கலந்து ஒரே கருத்தைச் சுற்றிக் கோப்பது. நான்குக்கும் நேரம் 10 நிமிடம், மேலே 30 விநாடி சலுகை. உடை, பொருள் எதுவும் கூடாது. பிஓஐ-இல் ஸ்கிரிப்ட் வைத்த பைண்டர் கையில் கட்டாயம், மற்ற மூன்றும் மனப்பாடம். டியோவில் இருவரும் ஒருவரையொருவர் தொடக்கூடாது, இன்ட்ரோ நேரம் தவிர மற்ற நேரத்தில் பார்த்துக்கொள்ளவும் கூடாது. சண்டையும் கட்டிப்பிடிப்பும் எதிரே இருக்கும் காற்றோடுதான்.

எங்கே தேடுவது

முதல் இடம் உங்கள் ஊர்ப் பொது நூலகம். டியூயி எண் 812 இருக்கும் அலமாரிக்குப் போங்கள், அமெரிக்க நாடகங்கள் அங்கேதான் இருக்கும், 811 கவிதை. அந்த அலமாரி முன்னால் பிள்ளையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். அவள் எடுத்துத் திரும்ப வைக்கிற புத்தகங்களே அவளுக்கு எது ஒத்துவராது என்று சொல்லிவிடும். உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் காசில்லாமல் கிடைக்கும். லிபி, ஹூப்லா செயலிகளில் மின்னூலும் உண்டு. நாடகப் பதிப்பாளர்கள், அதாவது கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ், டிரமாட்டிஸ்ட்ஸ் பிளே சர்வீஸ், பிளேஸ்கிரிப்ட்ஸ் போன்றவர்களின் தளங்களில் எத்தனை ஆண் பெண் பாத்திரங்கள், என்ன வகை என்று வடிகட்டித் தேட முடியும். கவிதைக்குப் பொயட்ரி ஃபவுண்டேஷன் தளம். டெக்ளமேஷன், அதாவது ஏற்கெனவே ஒருவர் மேடையில் பேசிய உரையை மனப்பாடமாகப் பேசும் போட்டி, உங்கள் லீக்கில் இருந்தால் அமெரிக்கன் ரெட்டரிக் தளத்தில் உரைகள் குவிந்து கிடக்கின்றன.

நாடகத்தை விட்டுச் சிறுகதைக்கும் தன்வரலாற்றுக்கும் போகச் சொல்லி நான் எல்லோரையும் நச்சரிப்பேன். தன்மையில் சொல்லும் கதை டிஐ-க்கு அப்படியே பொருந்தும், ஏனென்றால் பேசுபவர் ஏற்கெனவே நம்மிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். தெற்காசிய எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றையும் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களின் கதைகளையும் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதே இல்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். நம் பிள்ளை நம் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனால் அப்படி ஒரு அலமாரி இருக்கிறது என்று தெரிந்துவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டும். கூடவே ஒன்று, எச்ஐ-இல் சிரிப்புக்காக இந்திய உச்சரிப்பைக் கேலியாக எடுத்து வீசுவதை நம் வீட்டுப் பிள்ளைகளே செய்து பார்த்திருக்கிறேன். அறை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத் தாத்தா பாட்டியின் குரலைக் கொடுத்துவிடாதீர்கள்.

இறுதிச் சுற்று வீடியோக்களை நிறைய பாருங்கள், ஆனால் அதில் வந்த பீஸையே எடுக்காதீர்கள். ஒரு பீஸ் தேசியப் போட்டியில் ஜெயித்தால் மறுவருடம் எங்கே பார்த்தாலும் அதுதான். ஜட்ஜாக உட்கார்ந்திருப்பவருக்கு முதல் வரியிலேயே போன வருடத்துப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்துவிடும், உங்கள் பிள்ளை அந்த முகத்தோடு பத்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். விற்பனைக்கு வரும் தயார் ஸ்கிரிப்டிலும் இதே சிக்கல்தான், அதே வெட்டு, அதே இடத்தில் அழுகை, மூன்று மேசை தள்ளி இன்னொரு பள்ளியும் அதையே வாங்கி வைத்திருக்கும்.

எடுப்பதா வேண்டாமா

சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது என் மகள் இருபது பக்கம் சத்தமாகப் படிப்பாள், அதுதான் எங்கள் சோதனை. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேனா இல்லையா? திரும்பவில்லை என்றால் அடுத்த புத்தகம். திரும்பினால் மூன்று கேள்வி கேட்போம். யார் யாரிடம் பேசுகிறார்கள், ஏன் இன்றைக்கு என்று பார்த்துப் பேசுகிறார்கள், முடியும்போது அந்த ஆளிடம் என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் போட்டியில் ஐந்தாவது நிமிடத்தில் நின்றுவிடும்.

கனமான விஷயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஐ என்றாலே தற்கொலை, வன்முறை, சாவு என்று ஆகிவிட்டது, பிள்ளைகளும் அப்படி எடுத்தால்தான் ரேங்க் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். என் மகள் முதல் வருடம் அம்மாவைப் பறிகொடுக்கும் ஒரு பெண்ணின் கதையை எடுத்தாள். அந்தக் குளிர்காலத்தில்தான் ஊரில் அவளுடைய பாட்டி இறந்தார். தினமும் இரவு பயிற்சி முடிந்ததும் ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் படுத்திருப்பாள். ஜனவரியில் அந்த பைலை மூடி வைத்தோம், சீசன் பாதியில் வேறு பீஸ், ரேங்க் போனது, போகட்டும். ஒரே பீஸை அக்டோபரிலிருந்து மே மாதம் வரை நூறு முறைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளை அந்த வலியோடு நூறு முறை இருந்துவிட்டு வெளியே வர முடியுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும், பயிற்சியாளரால் வீட்டு இரவுகளைப் பார்க்க முடியாது. கேட்பவர்களுக்கும் கடினமான விஷயம் இருந்தால் தொடங்கும் முன்பே அறையில் ஒரு வரி எச்சரிக்கை சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

வெட்டுவது

நடிப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு 1,200 முதல் 1,400 சொல்தான் தாங்கும் என்பது என் அனுபவம். நாவலில் இருப்பதோ எண்பதாயிரம். பயந்துவிட வேண்டாம். முதலில் உச்சம் எது என்று ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அது எட்டாவது நிமிடத்துக்கு அருகில் வர வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்: இந்த இடம் புரிய வேண்டுமானால் கேட்பவருக்கு முன்னால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளைக்கதை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், அழகான வானிலை வருணனை எல்லாம் போகும். மனசு கேட்காது, இருந்தாலும் போகும்.

விதி ரொம்ப எளிது. கழிக்கலாம், மாற்றி எழுதக்கூடாது. ஒன்றிரண்டு இணைப்புச் சொற்கள் தவிர எழுத்தாளரின் வரி எழுத்தாளரின் வரியாகவே இருக்க வேண்டும். காட்டுவதற்காக நானே எழுதிய ஒரு பத்தி:

"அன்று மாலை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அப்பா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எப்போதும் உட்காரும் மர ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவான குரலில் என்னிடம் சொன்னார், 'நாளைக்கு நீ வர வேண்டாம்.' நான் அதிர்ச்சியடைந்து, 'ஏன்?' என்று கேட்டேன். அவர் பதில் பேசாமல் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, கடையை விற்றுவிட்டார் என்று."

வெட்டிய பிறகு:

"அப்பா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, 'நாளைக்கு நீ வர வேண்டாம்.' 'ஏன்?' கடையை விற்றுவிட்டார்."

41 சொல் 12 ஆகிவிட்டது, எதுவும் குறையவில்லை. மெதுவான குரல் குரலிலேயே இருக்கிறது, அதிர்ச்சி 'ஏன்' சொல்லும் முகத்தில் இருக்கிறது. 'ஏன்' முடிந்ததும் அப்பாவாக மாறி, கையில் இல்லாத சாவிக்கொத்தை இல்லாத மேசையில் வைத்து, விரலை எடுக்காமல் இரண்டு விநாடி அதையே பார்த்துவிட்டு, பிறகு மகளாகத் திரும்பி நம்மைப் பார்த்து 'கடையை விற்றுவிட்டார்'. சொன்னார், கேட்டேன், நினைத்தேன் எல்லாவற்றையும் இப்படி உடம்புக்குக் கொடுத்துவிட்டாலே ஒரு பக்கத்தில் கால்வாசி குறையும்.

அமைப்பு பெரும்பாலும் இப்படி: முதல் ஒரு நிமிடம் டீசர், கதைக்குள் நேராக இழுத்துப் போடும் ஒரு காட்சி. அப்புறம் நடிப்பை விட்டு வெளியே வந்து சொந்தக் குரலில் அரை நிமிடம் இன்ட்ரோ, இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் என்பதோடு புத்தகத்தின் பெயரும் ஆசிரியர் பெயரும். இன்ட்ரோவில் புள்ளிவிவரம் கொட்டுவதை விட ஒரு தெளிவான வாக்கியம் போதும். பிறகு மீண்டும் கதை.

வெட்டி முடித்ததும் காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மூலப் புத்தகம் கைவசம் இருக்க வேண்டும், அதன் பக்கங்களின் நகலில் பேசப்போகும் வரிகளுக்கு மஞ்சள் அடித்து, சேர்த்த சொற்களைப் பேனாவால் குறித்து வைக்க வேண்டும். யாராவது புகார் கொடுத்தால் இதைத்தான் கேட்பார்கள். படத்தைப் பார்த்து நாமே எழுதி எடுத்த வசனம் செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், வெளியான பிரதி இருந்தால் கவலையில்லை. இணையத்திலிருந்து எடுப்பதற்குத் தனி விதிகள் உண்டு, மாநிலத்துக்கு மாநிலம், லீக்குக்கு லீக் வேறுபடும், அந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

நின்று பேசுவது

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பார்வைப் புள்ளி குறித்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பது ஐந்து வயதுத் தம்பி என்றால் பார்வை இடுப்பு உயரத்துக்கு இறங்க வேண்டும், இரண்டாவது நிமிடத்தில் இடுப்பில் இருந்த தம்பி ஆறாவது நிமிடத்தில் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் கடைசி பெஞ்சில் இருக்கும் எனக்கு உடனே தெரிந்துவிடும். வீட்டில் சுவரில் சின்ன டேப் துண்டு ஒட்டிப் பழகலாம். எச்ஐ-இல் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைப் பாப் என்பார்கள், அதில் கால் முதலில் திரும்ப வேண்டும், முகம் பிறகு, குரல் கடைசியில். பிஓஐ-இல் பைண்டர் பக்கம் திருப்புவதும் நடிப்புதான், பாத்திரம் மாறும் நொடியில் திருப்புங்கள், வாக்கியத்தின் நடுவில் வேண்டாம்.

வீட்டில் 9 நிமிடம் 30 விநாடிக்குள் முடியுமாறு பழகுங்கள். போட்டி அறையில் இடைவெளிகள் தானாக நீளும், எச்ஐ-இல் சிரிப்பு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். தேசிய விதிப்படி 10:30-ஐத் தாண்டினால் அந்த அறையில் முதல் ரேங்க் கிடையாது, எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும்.

போட்டி முடிந்த அன்றோ மறுநாளோ போட்டி முடிவுகள் வரும் டேப்ரூம் தளத்தில் பாலட், அதாவது ஜட்ஜ் எழுதிய மதிப்பீட்டுத் தாள், வந்துவிடும். ரேங்க்கை ஒரு முறை பார்த்துவிட்டுக் கருத்துப் பகுதிக்குப் போங்கள். ஒரு ஜட்ஜ் மட்டும் சொன்னதைக் குறித்து வைத்தால் போதும், மூன்று பேர் ஒரே இடத்தைச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் சிக்கல் நடிப்பில் இருக்காது, வெட்டில் இருக்கும், அந்த இடத்துக்கு முன்னால் தேவையான ஏதோ ஒரு வரி போயிருக்கும். புத்தகத்தைத் திறந்து அதைத் தேடி எடுத்துத் திரும்ப வையுங்கள், அதே அளவு வேறு எங்கேயாவது கழியுங்கள், ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். புதன்கிழமைக்குள் முடித்துவிட்டால் சனிக்கிழமைக்குள் நாக்கில் ஏறிவிடும். மஞ்சள் அடித்த நகலிலும் அந்த மாற்றத்தைக் குறித்து, மேல் மூலையில் தேதி போட்டுவிடுங்கள்.