நைலான் கிட்டாரைக் கையால் செய்யும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

முதல் கிட்டாரைச் செய்து முடித்தவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும்: பார்க்க அழகாக இருக்கிறது, சத்தம்தான் வெளியே வரமாட்டேன் என்கிறது. மரம் சரியில்லை, தந்தி சரியில்லை என்று காரணம் தேடுவார்கள். அநேகமாகக் காரணம் கனம். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மரத்தைக் கூடுதலாக விட்டுவைத்து, மேலே தடிமனாக வார்னிஷும் பூசினால், நைலான் தந்தியால் அந்தப் பெட்டியை அசைக்கவே முடியாது.

ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீல் தந்தி கிட்டாரில் இது 70 கிலோவைத் தொடும். அதனால்தான் நைலான் கிட்டாரில் ஸ்டீல் தந்தி மாட்டவே கூடாது, அதே காரணத்தால் ஸ்டீல் கிட்டாரைப் பார்த்து அதே தடிமனில் நைலான் கிட்டார் செய்யவும் கூடாது. ஸ்பெயினின் அல்மெரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தே தோர்ரெஸ் (1817–1892) இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின், அதாவது நைலான் தந்தி கிட்டாரின், உருவத்தை நிலைநிறுத்தியவர். சத்தத்துக்கு மேல்பலகைதான் உயிர் என்று காட்டுவதற்காகவே 1862-இல் பக்கத்தையும் பின்புறத்தையும் காகித அட்டையில் செய்து, மேலே மட்டும் ஸ்ப்ரூஸ் (வெளிர் நிற ஊசியிலை மரம்) வைத்து ஒரு கிட்டார் செய்தார். விலை உயர்ந்த ஈட்டி மரத்தைத் தேடி அலைவதற்கு முன்னால் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

மேல்பலகையை 3 மி.மீ.-இல் நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஸ்ப்ரூஸ் என்றால் 2.2 முதல் 2.5 மி.மீ. வரை வரலாம், சிடார் என்றால் அதைவிடச் சற்றுக் கூட. அரை மி.மீ.-இல் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது 3 மி.மீ. பலகை 2.4 மி.மீ. பலகையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். அதே நேரம் எண்ணை மட்டும் நம்பியும் இழைக்கக் கூடாது, ஒவ்வொரு மரமும் வேறு. பலகையை இரண்டு கையாலும் மர ரேகைக்குக் குறுக்கே மெல்ல வளைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் அசையவே அசையாது. இழைக்க இழைக்க ஒரு கட்டத்தில் கைக்குள் இளகிக் கொடுக்கத் தொடங்கும், விரல் முட்டியால் தட்டினால் 'டக்' என்று செத்த சத்தம் போய் நீண்டு ஒலிக்கும். அந்த மாற்றம் வந்த பிறகு அளவெடுத்து, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

மேல்பலகையின் உள்பக்கம் விசிறிபோல விரித்து ஒட்டும் சட்டங்களிலும் இதே கதைதான். தோர்ரெஸ் முறையில் ஏழு சட்டங்கள், நடுவில் 4, 5 மி.மீ. உயரம், இரண்டு முனையிலும் சரிந்து ஒன்றுமில்லாமல் ஆகும். இந்த முனைகளைச் சீவாமல் மொட்டையாக விட்டால் ஓரம் அசையாது. சட்டத்துக்கான மரத்தை ரம்பத்தால் அறுப்பதைவிட ரேகையோடு பிளந்து எடுங்கள், ரேகை முழு நீளத்துக்கும் ஓடும், குறைந்த கனத்தில் அதே வலு கிடைக்கும்.

சரி, நம் ஊரில் செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஈரப்பதம். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை, குறுக்குவாக்கில் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். பின்பலகையின் சட்டங்கள் ரேகைக்குக் குறுக்கே போகின்றன. சென்னையில் மழைக்காலத்தில், காற்றில் 80 சதவீத ஈரம் இருக்கும் நாளில், விரிந்து நிற்கும் பலகையில் இந்தச் சட்டங்களை ஒட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். பிறகு அந்தக் கிட்டார் ஏசி அறைக்கோ பெங்களூருக்கோ போகிறது. பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது, நடு இணைப்போ ரேகையோ பிளந்து கொள்ளும். இதற்குப் பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு சின்ன அறை, ஏசி அல்லது ஈரம் உறிஞ்சும் கருவி, விலை குறைந்த ஒரு ஈரப்பதமானி, இவ்வளவு போதும். இழைத்த பலகைகளை அந்த அறையில் சில வாரம் போட்டு வையுங்கள். 45 முதல் 50 சதவீதத்தில் முள் நிலையாக நிற்கும்போது மட்டும் சட்டம் ஒட்டுங்கள், பெட்டியை மூடுங்கள். இழைப்பது, கழுத்தைச் செதுக்குவது போன்றவற்றை எந்த நாளிலும் செய்யலாம். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

பசை பற்றிச் சுருக்கமாக: சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் வெயில் சூட்டில் தொடர் இழுப்புக்கு மெல்ல நகரும். பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் தந்தியைக் கட்டும் கட்டைக்கு) அது வேண்டாம். வஜ்ஜிரப் பசையோ இசைக்கருவிக்காரர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசையோ நல்லது. ஈட்டி, கருங்காலி இரண்டிலும் பிசினும் எண்ணெயும் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் பரப்பைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். ஈட்டித் தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும், முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள். 2017 முதல் ஈட்டி வகை மரங்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால் மரம் வாங்கிய ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பக்கப் பலகையை வளைக்கும்போது அவசரம்தான் எதிரி. 2 மி.மீ.-க்கு மேல் தடிமன் வைத்துக்கொண்டு சூடான குழாயில் அழுத்தினால் இடுப்பு வளைவில் உடையும். நாள் முழுக்க ஊறப்போட்டால் நெளிநெளியாக அலை விழும். மரம் தானாக இளகும்வரை சூட்டில் காத்திருந்து, அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள்.

ஃப்ரெட் (கழுத்தின் மேல் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) விஷயத்தில் ஒரே ஒரு தவறு, ஆனால் அது மொத்தக் கிட்டாரையும் கெடுத்துவிடும். முதல் ஃப்ரெட்டிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு அளவின் பிழையும் அடுத்ததில் சேரும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே (கழுத்தின் தலைமுனையில் தந்தி அமரும் துண்டு) அளந்து குறியுங்கள். தந்தி நீளம் 650 மி.மீ. என்றால் முதல் ஃப்ரெட் 36.48 மி.மீ.-இல் (650-ஐ 17.817-ஆல் வகுத்தால் வருவது), பன்னிரண்டாவது சரியாக 325-இல். ஆனால் சேடில் (பிரிட்ஜில் தந்தி அமரும் துண்டு) 650-இல் வராது. தந்தியை அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறும் என்பதால் சேடிலை 1.5 முதல் 2 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும். இதை மறந்தால் மேல் ஃப்ரெட்களில் எல்லாச் சுரமும் தூக்கலாகக் கேட்கும்.

கழுத்தையும் மேல்பலகையையும் ஒரே தளத்தில் ஒட்டுவது இன்னொரு பழக்கம். அப்படி ஒட்டினால் தந்தி சரியான உயரத்தில் நிற்கச் சேடிலை மிகவும் உயர்த்த வேண்டிவரும். கிட்டாரைக் கிடத்திச் சேர்க்கும் அடித்தட்டிலேயே கழுத்தை நட் முனையில் 2 மி.மீ. போல முன்னோக்கிச் சாய்த்து வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இருக்காது.

இனி பூச்சு. மாதக்கணக்கில் மெல்லிசாக இழைத்த மேல்பலகை மேல் பாலியூரிதேனைக் கட்டியாக அடிப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிறது. மேலே பிரெஞ்ச் பாலிஷ்தான் என் முடிவு: அரக்கைச் சாராயத்தில் (ஸ்பிரிட்டில்) கரைத்து, துணிப் பந்தால் ஏற்றுவது. அரக்கு விளைவதே இந்தியாவில்தான் அதிகம், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் போகிறது. மெழுகு நீக்கிய செதில்களை வாங்கி நீங்களே கரையுங்கள். கரைத்துப் பல மாதம் ஆன அரக்கு சரியாக இறுகாது. சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு துளி விடுங்கள், மறுநாளும் ஒட்டினால் கொட்டிவிடுங்கள்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சாராயம் பட்டதும் ஈட்டியின் ஊதா நிறப் பிசின் கரைந்து பந்தில் ஏறும். அதே பந்தை ஓரத்தில் இழுத்தால் வெள்ளைப் பட்டைக் கோடும் ஸ்ப்ரூஸும் சிவந்துபோகும், உள்ளே இறங்கிய கறையைச் சுரண்டினாலும் முழுதாகப் போகாது. முதலில் சின்னத் தூரிகையால் வெளிர் மரங்களுக்கு மட்டும் இரண்டு கை அரக்குப் போட்டு மூடுங்கள். மேல்பலகைக்கு ஒரு பந்து, ஈட்டிக்கு வேறு பந்து.

பந்து சொதசொதவென்று இருக்கக் கூடாது. புறங்கையில் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. ஓரிடத்தில் நின்றால் கீழே போட்டதெல்லாம் கரைந்து பிய்த்துக்கொண்டு வரும், அதனால் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து வழுக்கிக்கொண்டே வெளியேற வேண்டும். ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு போதும், அளவு மீறினால் பளபளப்பு உடனே வந்து பின்னால் மங்கும். இந்தப் பூச்சுக்கு வியர்வை ஆகாது என்பதும் உண்மை. வாசிக்கும்போது முன்கை படும் இடத்தில் ஒரு துணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிரிட்ஜ் உட்காரும் இடத்தைப் பூச்சுக்கு முன்பே டேப்பால் மறைத்து வையுங்கள். அரக்கின் மேல் ஒட்டினால் 40 கிலோ இழுப்பில் ஒரு நாள் அப்படியே பெயர்ந்து வரும். பிரிட்ஜின் அடிப்பக்கத்தை மேல்பலகையின் மெல்லிய வளைவுக்குப் பொருந்தும்படி தேய்த்து, வெறும் மரத்தில் ஒட்டி, முழு நாள் கிளாம்பில் விடுங்கள். தந்தி ஏற்றிய பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மிக மெல்லிய தந்திக்கு 3, மிகத் தடித்த தந்திக்கு 4 மி.மீ. உயரம் போதும். ஆனால் அன்றைக்கே சேடிலை அராவி அந்த அளவுக்கு இறக்கிவிடாதீர்கள், பெட்டி இழுப்புக்குப் பழகிக் கழுத்து நிலைக்குச் சில நாள் ஆகும். அதுவரை அரை மி.மீ. கூடுதலாகவே வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருங்கள்.