பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல்: பழைய கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற பழைய கார்களை ஓட்டுபவர்கள் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை எழுப்பும் இக்னிஷன் அமைப்பில் உள்ள பாயின்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்ட நினைக்கிறார்கள். நல்ல முடிவுதான், நானும் அதையே சொல்வேன். ஆனால் மாட்டிய பிறகு வண்டி முன்பைவிட மோசமாக ஓடுவதும் உண்டு. அப்போது மாட்யூல்மீது பழி விழுகிறது. கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

பாயின்ட் என்பது ஒரு சுவிட்ச். காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சேர்ப்பதும் துண்டிப்பதும்தான் அதன் வேலை. துண்டிக்கும் கணத்தில் காயிலில் உயர் மின்னழுத்தம் எழுந்து, ரோட்டர் வழியாக உரிய பிளக்கை அடைந்து பொறியாகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. முனைகள் கருகுகின்றன, கேமில் உரசும் பகுதி தேய்கிறது, இடைவெளி சுருங்கி டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்குகிறது. மாட்யூலில் இந்த உரசல் இல்லை. பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டோடு சுற்றும் காந்த வளையத்தைச் சென்சார் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆக, மாறியிருப்பது சுவிட்ச் ஒன்றுதான். காயில், ரோட்டர், மூடி, வயர்கள், டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு எல்லாம் பழையபடியே இருக்கின்றன.

இதை மறப்பதுதான் முதல் தவறு. ஏற்கெனவே திக்கித் திணறி ஓடும் வண்டியைச் சரிசெய்யும் மருந்தாக மாட்யூலை வாங்குகிறார்கள். முதலில் புதுப் பாயின்ட்டும், அதன் முனைகள் கருகாமல் காக்கும் நல்ல கண்டென்சரும் போட்டு, ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகட்டால் பாயின்ட் இடைவெளி வைத்து வண்டியை ஒழுங்காக ஓட்டிப் பாருங்கள். லூகாஸ் நிறுவனத்தின் 25டி மாடல் டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயின்ட்டில் நன்றாக ஓடும் வண்டியில் மாட்யூலைப் போட்டால், பிறகு ஏதாவது தவறினால் எங்கே தேடுவது என்று தெரியும். மாட்யூல், காயில், வயர், கார்புரேட்டர் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியவருக்கு அந்த வழி இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்ததும் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியும்படி ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. பாயின்ட் அளவுக்கு மாட்யூல் இந்த ஆட்டத்தால் பாதிக்கப்படாது என்றாலும், காந்த வளையம் சென்சாரில் உரசிவிடும் அளவுக்கு விடக் கூடாது. அடுத்து ரோட்டரைச் சுற்றும் திசையில் மெல்லத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், பாயின்ட் உட்காரும் அடித்தட்டுக்குக் கீழே உள்ள எடைக் கற்கள் துருவிலும் காய்ந்த எண்ணெயிலும் சிக்கியிருக்கின்றன. வேகம் கூடும்போது டைமிங்கை முன்னே தள்ளுபவை அவைதான். சாதாரண மாட்யூல் அந்த வேலையைச் செய்யாது. இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். அடித்தட்டு அசைந்து அப்படியே நிற்காவிட்டால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

மாட்யூல் வாங்கும்போது காரின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் எத்தனை கைகள் அந்த வண்டியைத் தொட்டிருக்கும்! டிஸ்ட்ரிபியூட்டரே மாறியிருக்கலாம். அதன் உடம்பில் அடித்திருக்கும் எண்ணைப் படித்து, அதற்கானதைக் கேளுங்கள். லூகாஸ் 25டிக்கு உரியது லூகாஸ் 45டியில் உட்காராது.

வாங்கும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். பாயின்ட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாட்யூலை முனை மாற்றி இணைத்தால் சாவியைத் திருப்பிய நொடியில் எரிந்துபோகும். பேட்டரியிலிருந்து எந்த வயர் பாடிக்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மாட்யூலை வாங்குங்கள்.

இனி காயில். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். பழைய காயில்களில் இரண்டு வகை உண்டு: முதன்மைச் சுற்றின் மின்தடை ஏறக்குறைய 3 ஓம் உள்ளவை, 1.5 ஓம் உள்ளவை. இரண்டாவது வகைக்கு முன்னால், மின்சாரத்தைக் குறைக்கும் பல்லாஸ்ட் என்னும் தடை இருக்கும். ஓடும் வண்டியில் 13.8 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 3 ஓம் காயில் அதிகபட்சம் 4.6 ஆம்பியர் இழுக்கும், 1.5 ஓம் காயிலைப் பல்லாஸ்ட் இல்லாமல் இணைத்தால் 9.2 ஆம்பியர். பல மாட்யூல்கள் இந்தச் சுமையைத் தாங்காமல் சூடேறிச் செத்துவிடும். நேர்மாறான தவறும் உண்டு: 3 ஓம் காயில் போட்டுவிட்டுப் பல்லாஸ்ட்டையும் அப்படியே விட்டால் பொறி பலவீனமாகிவிடும். மாட்யூலோடு வரும் தாளில் குறைந்தபட்ச ஓம் அளவு இருக்கும். காயிலின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்து, தாளோடு ஒப்பிடுங்கள். பளபளக்கும் 'அதிசக்தி' காயிலைக் கடைக்காரர் நீட்டினாலும் இந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மாட்யூலின் பாசிட்டிவ் வயரைக் காயில் முனையிலேயே மாட்டிவிடுவது இதோடு ஒட்டிய தவறு. பல்லாஸ்ட் உள்ள வண்டியில் அங்கே முழு 12 வோல்ட் வராது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜின் பற்றிக்கொள்ளும், சாவியை விட்டதும் அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும் வரை மின்சாரம் பல்லாஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு நேராக வருகிறது. சாவியை விட்டதும் பல்லாஸ்ட் வழியாக வருகிறது. மாட்யூலுக்குப் பல்லாஸ்ட்டுக்கு முன்னாலிருந்து வயர் கொடுங்கள். சில வண்டிகளில் பல்லாஸ்ட் தனிப் பொருளாகக் கண்ணில் படாது. தடை வயராகவே வயர் கட்டுக்குள் ஓடும். பிரிட்டனின் எம்ஜிபி கார்களில் கடைசிக்காலத்தில் வந்தவற்றில் அப்படித்தான்.

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடித்தட்டையும் உடம்பையும் இணைக்கும் மெல்லிய பின்னல் எர்த் வயர் ஒன்று இருக்கிறது. வேக்குவத்தால் தட்டு ஆடி ஆடி அது இற்றுப்போகும். மாட்யூல் தட்டின் வழியாகத்தான் எர்த் பெறுகிறது என்றால், பெட்ரோல் அடைப்பு என்று நினைக்கும்படி வண்டி விட்டுவிட்டு இழுக்கும். பத்து நிமிட வேலை. புது வயர் பற்றவைத்துவிடுங்கள்.

உள்ளே வெறும் செம்புக் கம்பி உள்ள பழைய பிளக் வயர்கள் ரேடியோ இரைச்சலை எழுப்பும். அந்த இரைச்சல் மாட்யூலைக் குழப்பித் தவறான நேரத்தில் பொறி விடச் செய்யலாம். கார்பன் மைய வயர்களுக்கு மாறுங்கள். ரோட்டரையும் கவனியுங்கள்: மேல் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருக்கும் மலிவு ரோட்டர்களில், அந்த ரிவெட் வழியாகப் பொறி தண்டுக்கே பாய்ந்துவிடுவது உண்டு. சூடேறியபின் மட்டும் மிஸ்ஃபயர் ஆனால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

மாட்டி முடித்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் டைமிங்கைப் பார்க்காமல் விடாதீர்கள். பாயின்ட் திறக்கும் புள்ளியும் சென்சார் துண்டிக்கும் புள்ளியும் ஒன்றாக இருக்காது. பல டிகிரி நகர்ந்திருக்கும். இன்ஜின் சூடான பிறகு, வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டால் புல்லிக் குறியைப் பார்த்து வையுங்கள். மேட்டில் ஏறும்போது இன்ஜின் கடகடவென்று தட்டினால் டைமிங் முன்னே போயிருக்கிறது. சற்றுப் பின்னே கொண்டுவாருங்கள். உடனே செய்யுங்கள், ஏனெனில் அந்தத் தட்டல் பிஸ்டனைத் தின்றுவிடும்.

இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து வைத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். எளிய மாட்யூல்கள் காயிலுக்கு மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். காயிலும் மாட்யூலும் சேர்ந்து வேகும். வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் தூக்கிப் போடாதீர்கள். மாட்யூல் செத்தால் வழியில் அதைப் பழுதுபார்க்க முடியாது. பாயின்ட் தட்டு, கண்டென்சர், திருகுகள், ஃபீலர் கேஜ், சிறிய ஸ்குரூடிரைவர் ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். பழைய வயர் இணைப்பையும் ஒரு தாளில் வரைந்து அதோடு வைத்துவிடுங்கள்.