1863 குதிரைப்படை முகாமின் காலைச் சாப்பாடு: ஹார்ட்டாக்கும் கறுப்புக் காப்பியும் வீட்டில் செய்யும் முறை

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) என்றதும் கெட்டிஸ்பர்க், லிங்கன், வாளை உருவிக்கொண்டு பாயும் குதிரைகள் என்றுதான் மனம் ஓடும். குதிரைப்படைக்காரனுக்குப் பெரும்பாலான நாட்கள் சாணி அள்ளுவதிலும் குதிரை தேய்ப்பதிலும் அடுப்பு ஊதுவதிலும்தான் போயின. அதில் நம் சமையலறையில் செய்து பார்க்கக்கூடியது காலைச் சாப்பாடு: ஹார்ட்டாக் என்ற கல் போன்ற உலர்ந்த ரொட்டியும் கறுப்புக் காப்பியும். நான் எடுத்துக்கொண்டது லிங்கன் அரசின் வடதரப்புப் படை. வர்ஜீனியாவில் பிராண்டி ஸ்டேஷன் பக்கம் 1863-64 குளிர்காலத்தில் தங்கியிருந்த முகாம்.

தேவையானவை: மைதா 250 கிராம், தண்ணீர் சுமார் 120 மில்லி, வறுக்காத காப்பிக்கொட்டை 45 கிராம், சர்க்கரை, வார்ப்பிரும்பு வாணலி, ஓவன்.

படி 1: முதலில் குதிரை

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விடியற்காலையில் ஊதுகொம்பு ஊதி, பெயர் கூப்பிட்டு முடிந்ததும் லாயத்துக்குத்தான் ஓட வேண்டும். தேய்த்துவிட்டு, கொள்ளுப்பையை முகத்தில் மாட்டிய பிறகே தன் வயிற்றைப் பற்றிய நினைப்பு. விதிப்படி ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 12 பவுண்டு தானியம், 14 பவுண்டு உலர்ந்த புல். அதாவது ஏறக்குறைய 5.4 கிலோவும் 6.3 கிலோவும். ஆளுக்கு ஹார்ட்டாக் 1 பவுண்டு, 454 கிராம். படை நகரும்போது இரண்டுமே ஒழுங்காக வந்து சேராது என்பது வேறு விஷயம்.

தென்தரப்பில் இன்னும் மோசம். குதிரை வீரனின் சொந்தச் சொத்து. அரசு நாளுக்கு 40 சென்ட் வாடகை கொடுத்தது. சண்டையில் செத்தால் ஈடு உண்டு, நோயில் செத்தால் அவன் பாடு. வேறு குதிரை தேடிக்கொள்ளும்வரை நடைதான்.

படி 2: ஹார்ட்டாக்

மாவும் தண்ணீரும் மட்டும். ஈஸ்ட், எண்ணெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம்; கொழுப்பு சேர்ந்தால் நாளடைவில் சிக்கடித்துவிடும். கெட்டியாகப் பிசைந்து, கால் மணி நேரம் மூடிவைத்து, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் தேய்த்து, மூன்று அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். ஆணியால் மறுபக்கம்வரை துளையிடுங்கள், இல்லாவிட்டால் உப்பிக்கொள்ளும். 190 டிகிரியில் பக்கத்துக்கு அரை மணி நேரம். பிறகு ஓவனை அணைத்து, சூடு ஆறும்வரை உள்ளேயே விடுங்கள். இவ்வளவுதான். படையில் ஒன்பது பத்துத் துண்டுகள் ஓர் ஆளின் ஒரு நாள் பங்கு.

படி 3: காப்பிக்கொட்டை வறுத்தல்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். படைக்கு வறுத்த கொட்டையும் வந்தது, பச்சைக் கொட்டையும் வந்தது. பச்சையாக வந்தால் கையில் கிடைத்த சட்டியில் போட்டு முகாம் நெருப்பில் வறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தீ பெரிதாக இருந்தால் ஐந்தே நிமிடத்தில் கறுத்துவிடும். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடக்கும். அந்தக் காப்பியில் புகை நாற்றமும் பச்சை வாடையும் சேர்ந்தே வரும்.

வாணலியை முதலில் காயவிட்டு, கொட்டையைப் போட்டதும் தீயை நடுத்தரமாக்குங்கள். கை நிற்கக் கூடாது. மஞ்சளாகி, பழுப்பாகி, பத்து நிமிடத்தையொட்டிப் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு அடங்கியதும் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம், பிறகு உடனே முறத்தில் கொட்டி, ஆறவைத்து, தோல் போகப் புடையுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும்.

நிறத்தை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். படையின் ரேஷன் கணக்கிலேயே இதற்குத் துப்பு இருக்கிறது: 100 பங்குக்கு (ஒரு பங்கு என்பது ஓர் ஆளின் ஒரு நாள் அளவு) பச்சைக் கொட்டை என்றால் 10 பவுண்டு, வறுத்தது என்றால் 8 பவுண்டு. ஐந்தில் ஒரு பங்கு எடை வறுப்பதில் போய்விடும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. நம் 45 கிராம் 36, 37 கிராமுக்கு வந்திருந்தால் சரி. 41-இல் நின்றால் இன்னும் வேகவில்லை.

நான்-ஸ்டிக் சட்டி வேண்டாம். இந்தச் சூடு அதன் பூச்சுக்கு ஆகாது.

படி 4: இடித்தல்

மிக்ஸியில் போட்டால் தூளாகிவிடும், கோப்பையில் வண்டல் தங்கும். சின்ன இடிகல்லில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். அவர்கள் துப்பாக்கிக் கட்டையாலோ கல்லாலோ நசுக்கினார்கள். ஷார்ப்ஸ் கார்பைன் என்ற குதிரைப்படைக் குட்டைத் துப்பாக்கியின் கட்டைக்குள்ளேயே காப்பி எந்திரம் இருந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. கைப்பிடி வைத்த அப்படிப்பட்ட துப்பாக்கிகள் அருங்காட்சியகங்களில் இருப்பது உண்மை. ஆனால் எல்லா வீரர்களுக்கும் அதைக் கொடுக்கவில்லை. அது தானியம் அரைக்கத்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

படி 5: கொதிக்கவைத்தல்

ஃபில்டரை எடுத்து உள்ளே வையுங்கள். பழைய தகர டப்பாவுக்குக் கம்பிக் காது மாட்டி நெருப்பில் வைத்ததுதான் அவர்களின் காப்பிப் பாத்திரம். தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு, மூன்று நான்கு நிமிடம் விட்டு இறக்கி, ஒரு கை குளிர்ந்த தண்ணீர் தெளியுங்கள். தூள் அடியில் இறங்கும். பச்சையில் 45 கிராம் என்பது ஒருவனின் முழு நாள் பங்கு, எனவே தூளை மூன்று வேளையாகப் பிரியுங்கள். பால் கிடையாது, சாமர்த்தியசாலிகள் முகாம் வியாபாரியிடம் கன்டென்ஸ்டு மில்க் வாங்கினார்கள். சர்க்கரையைத் தூளோடு ஒரே பையில் கலந்து வைத்தவர்களும் உண்டு, சேணம் பூட்டச் சொல்லி ஊதும்போது அளந்துகொண்டிருக்க முடியாதே.

சிக்கரி கலந்த தூளை எடுத்துக்கொண்டு வராதீர்கள். வடதரப்பின் கடல் முற்றுகையால் காப்பிக்கொட்டை கிடைக்காத தென்தரப்புக்காரர்கள்தான் சிக்கரி, ரை என்ற தானியம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று வறுத்துக் குடித்தார்கள்.

படி 6: சாப்பிடுதல்

ஹார்ட்டாக்கைக் கடிக்காதீர்கள், பல் போய்விடும். உடைத்துக் காப்பியில் ஊறவையுங்கள். அப்போது உள்ளிருந்த வண்டுகள் மேலே மிதந்து வரும், வழித்தெறிந்துவிட்டுக் குடித்தார்கள். இல்லையென்றால் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பன்றிக் கொழுப்பில் பொரிக்கலாம். எனக்கு இதுதான் பிடிக்கும். நெய்யில் பொரித்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் எந்த முகாமிலும் அது கிடைத்திருக்காது.

பின்சேர்க்கை: கோதுமை மாவில் செய்தவர்களுக்குத் துண்டுகள் நடுவில் ஈரமாகவே நின்றதாம். ஆட்டா அதிகத் தண்ணீர் குடிக்கும். கனத்தைக் கால் அங்குலமாக்கி, ஓவனிலிருந்து எடுத்த பிறகு இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள்.

இன்னொன்று: இண்டக்ஷன் அடுப்பில் வறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வறுக்கலாம், வாணலியின் அடி தட்டையாக இருந்தால். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை நன்றாகவே வரும்.