தவறு நடந்த பிறகு வரும் முதல் பத்து நிமிடங்கள்

ஒரு மாலை, எங்கள் குழுவின் இளைஞர் ஒருவர் தரவுத்தளத்தில் தவறான கட்டளையை இட்டுவிட்டார். நான் அவர் மேசைக்குப் போய், "என்ன செய்தீர்கள்? ஏன் சோதித்துப் பார்க்கவில்லை? யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?" என்று மூச்சுவிடாமல் கேட்டேன். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை அவரே என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்த அறிவு முந்தைய மாலையும் அவரிடம்தான் இருந்தது. அதை அவருக்கே எட்டாமல் செய்தவன் நான்.

அன்றிலிருந்து மூளையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். திட்டமிடுவதும் யோசித்துப் பதில் சொல்வதும் பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணியின் வேலை. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் பகுதி இது. டோபமைன், நோர்அட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருட்கள் அளவாக இருந்தால் கவனம் கூர்மையாகும். தன் கட்டுப்பாட்டில் இல்லாத நெருக்கடியில் அவை அளவு மீறும்போது, அந்தப் பகுதியின் நரம்பிணைப்புகள் தற்காலிகமாகத் தளர்கின்றன. ஆபத்தை உணர்ந்து பயத்தைக் கிளப்பும் அமிக்டலா போன்ற, பரிணாமத்தில் பழைய பகுதிகளின் கை ஓங்குகிறது. ஆகவே எதிரில் நிற்பவருக்குக் கொஞ்சமாவது கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் தலைவரின் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேதம் இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தால், பேச்சு பிறகு. ஒரே ஒரு தெளிவான கட்டளை போதும்: "அந்தச் செயலை நிறுத்துங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்."

அடுத்து உங்களைக் கவனியுங்கள், ஏனென்றால் உங்கள் மூளையும் அதே நிலையில்தான் இருக்கிறது. கோபமோ பயமோ தெரியும் முகங்களின் படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களிடம் அமிக்டலாவின் எழுச்சி குறைந்ததை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் காட்டினார்கள். நான் எழுந்து போகும் முன் ஒரு துண்டுத் தாளில் என் உணர்ச்சியை எழுதிவிடுகிறேன். கோபம் என்று எழுதத் தொடங்கிப் பலமுறை பயம் என்று முடித்திருக்கிறேன்: வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். பயப்படுகிறேன் என்று தெரிந்துகொண்டவன் கத்துவதில்லை.

பிறகு தனியிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் நடத்திய சோதனையில், கணினியில் பந்து எறியும் விளையாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களின் மூளையில், உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி கிளர்ந்தெழுந்தது. அதற்காக அவமானமும் எலும்பு முறிவும் மூளைக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லும் பயிற்சி வகுப்புகளை நம்பாதீர்கள். ஆனால் சகாக்களின் முன் தலைகுனிந்து நிற்பவரிடமிருந்து நல்ல தகவல் வராது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

உட்கார்ந்ததும், "இப்போதே பேசலாமா, இருபது நிமிடம் கழித்துப் பேசலாமா?" என்று கேளுங்கள். சிறிய தேர்வுதான், ஆனால் முடிவு அவர் கையில் இருக்கிறது. பிறகு ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. மனம் ஒரே சமயத்தில் ஏந்தக்கூடிய விஷயங்கள் ஏறத்தாழ நான்கு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் கணித்தார். அன்று நான் கேட்ட மூன்று கேள்விகளும் அந்த இளைஞரின் பயமும் சேர்ந்தால் வேறு எதற்கு இடம் இருக்கும்? "ஏன்" என்பதைக் கடைசிக்கு வையுங்கள். "முதலில் திரையில் என்ன பார்த்தீர்கள்?" என்று தொடங்குங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்களே பலகையில் வரிசையாக எழுதுங்கள். அவர் நினைவில் சுமக்க வேண்டியது குறையும்.

இரவெல்லாம் விழித்துச் சரிசெய்தவரைக் காலை எட்டு மணிக்கு விசாரணைக்கு அழைக்காதீர்கள். 2003இல் வெளியான ஹான்ஸ் வான் டாங்கன் குழுவின் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் திறன், இரண்டு இரவு வரை முழுக்க விழித்திருந்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. குறைவாக உறங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தச் சரிவை உணரவே இல்லை. உறங்காத தலைவருக்கும் இது பொருந்தும். யார் மீது பிழை என்ற தீர்ப்பை நான் இரவில் எழுதுவதில்லை.

இப்படிச் சில மாதங்கள் நடந்தால் உங்களிடம் வந்துசேரும் தவறுகளின் எண்ணிக்கை கூடலாம். பதறாதீர்கள். ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே மறைக்க வேண்டிய தேவை இல்லை.

ஏற்கெனவே கத்திவிட்டீர்களா? தனியறையில் மன்னிப்புக் கேட்டால் போதாது. யார் யார் பார்த்தார்களோ அவர்கள் எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள். நான் அந்த ஆறு பேரையும் நிறுத்திவைத்துக் கேட்க நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டேன். நீங்கள் மறுநாளே கேட்டுவிடுங்கள்.